ஃபிளைபாரற்ற மின்னணு நிலைப்படுத்தி

ரேடியோ வழி இயக்கப்படும் மாதிரி ஹெலிகாப்டர்களில் முதன்மைச் சுழலியோடு சுழன்றுவந்த ஃபிளைபார் என்னும் நிலைக்கம்பியை நீக்கி, அதன் வேலையை உணரிகளையும் நுண்செயலியையும் கொண்டு செய்யும் கருவி. 2000களின் பின்பாதியில் பரவத் தொடங்கிய இது, அடுத்த சில ஆண்டுகளிலேயே சாகசப் பறப்புக்கான மாதிரிகளில் வழக்கமான அமைப்பாயிற்று. ஃபிளைபார் இரண்டு வேலைகளைச் செய்துவந்தது. சுழலியின் தளம் தடுமாறாமல் காப்பது ஒன்று. கட்டளைக்கேற்ப இறக்கைகளின் கோணத்தைத் திருப்பும் சர்வோ மோட்டார் தரும் சிறு விசையைப் பெருக்கிக் கொடுப்பது மற்றொன்று. மின்னணுவியல் முதல் வேலையை மட்டுமே ஏற்றது. இரண்டாவதைச் சுமக்கும் வலிமை சர்வோக்களுக்கு வந்த பிறகே கம்பியை முழுமையாக விலக்க முடிந்தது.

கம்பியின் தோற்றம்

அமெரிக்கரான ஆர்தர் யங் 1928இல் ஹெலிகாப்டர் ஆய்வைத் தொடங்கினார். பல ஆண்டுகள் சிறு மாதிரிகளைச் செய்தும் உடைத்தும் பார்த்தபின், முனைகளில் எடை வைத்த கம்பியைச் சுழலியோடு சேர்த்துச் சுழலவிடும் உத்தியைக் கண்டறிந்தார். சுழலும் கம்பி தன் தளத்தை எளிதில் மாற்றிக்கொள்ளாது. உடல் சாயும்போது கம்பி முன்பிருந்த தளத்திலேயே நிற்க, இணைப்புத் தண்டுகள் அந்த வேறுபாட்டை இறக்கைகளின் கோணத் திருத்தமாக மாற்றின. 1941இல் யங் தன் மாதிரியைப் பெல் நிறுவனத்தாரிடம் பறக்கவிட்டுக் காட்டினார். அங்கே உருவான பெல் 47, 1946 மார்ச்சில் பொதுப் பயன்பாட்டுக்கான சான்றிதழ் பெற்றது.

அதே பத்தாண்டில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்லி ஹில்லர், எடைகளுக்குப் பதிலாகச் சிறு துடுப்புகளைக் கம்பியின் முனைகளில் பொருத்தினார். விமானியின் கட்டளை துடுப்புகளுக்குச் சென்றது. துடுப்புகள் காற்றின் விசையால் கம்பியைச் சாய்த்தன. கம்பி இறக்கைகளைத் திருப்பியது. இறக்கையைத் திருப்பும் உழைப்பைக் காற்றே செய்ததால் விமானியின் கைக்குச் சுமை குறைந்தது.

மாதிரி ஹெலிகாப்டர்களில்

சில கிலோ எடையுள்ள மாதிரி, முழு அளவு ஹெலிகாப்டரைவிடப் பன்மடங்கு வேகமாகச் சாயும். தரையில் நின்று இயக்குபவர் பார்த்து, உணர்ந்து, கையசைப்பதற்குள் நிலைமை மீறிவிடும். ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970ஐ ஒட்டித் தன் மாதிரிகளைக் கட்டுப்பாட்டோடு பறக்கவைத்து, இத்துறைக்கு வழி திறந்தார். பின்னர் பெல், ஹில்லர் முறைகள் இரண்டையும் கலந்த சுழலித் தலையே பொது வழக்காயிற்று. கட்டளையின் ஒரு பங்கு நேராக இறக்கைக்குப் போனதால் விரைவு கிடைத்தது. மறு பங்கு துடுப்புகள் வழியே போனதால் நிலைப்பு கிடைத்தது. அக்காலத்துச் சிறிய சர்வோக்கள் இறக்கையின் சுமையைத் தாங்கியதும் துடுப்புகளின் துணையால்தான்.

வால் ஜைரோ என்னும் முன்னோடி

மின்னணுக் கட்டுப்பாடு முதலில் நுழைந்த இடம் வால். முதன்மைச் சுழலியின் முறுக்குவிசை உடலை எதிர்த்திசையில் திருப்பும். அதை வால் சுழலி ஈடுசெய்ய வேண்டும். தொடக்கத்தில், மோட்டாரால் சுழலும் சக்கரங்கள் கொண்டு உடல் திரும்புவதை உணரும் எந்திர ஜைரோ இதற்கு உதவியது. 1990களில் பீசோ மின்விளைவில் இயங்கும் உணரிகள் அதன் இடத்தைப் பிடித்தன. பழைய ஜைரோ திரும்பும் வேகத்தைத் தணித்ததோடு சரி. 1990களின் பிற்பகுதியில் பரவிய திசை காக்கும் ஜைரோக்களோ, காற்று தள்ளிய கோணத்தைக் கணக்கில் வைத்திருந்து வாலை உரிய திசைக்குத் திருப்பின. ஒரு திசையில் கைகூடிய இக்கணக்கை மூன்று திசைகளுக்கும் விரிப்பதே அடுத்த படி.

மூன்று அச்சுகளும் ஒரே பெட்டியில்

சிலிக்கான் சில்லில் செதுக்கிய நுண் ஜைரோ உணரிகள் மலிவானதும், விரைவான டிஜிட்டல் சர்வோக்கள் வந்ததும், லித்தியம் பாலிமர் மின்கலங்கள் பெருகியதும் ஏறக்குறைய ஒரே காலம். ஜெர்மனியின் மிக்காடோ நிறுவனம் வெளியிட்ட வி-ஸ்டாபி இவ்வகையின் புகழ்பெற்ற முன்னோடி. 2010ஐ ஒட்டி ஜெர்மனியின் பீஸ்ட்எக்ஸ், ஜப்பானின் ஃபுட்டாபா, தைவானின் அலைன் ஆகியவற்றின் கருவிகள் சந்தையில் போட்டியிட்டன. அதன்பின் உள்ளங்கை அளவு மாதிரிகளும் கம்பியின்றிப் பறந்தன.

இயங்கும் விதம்

ஃபிளைபார் காலத்தில் கைப்பிடியின் அசைவு, இறக்கைகளின் கோணத்தை மாற்றும் ஸ்வாஷ்பிளேட் என்னும் தட்டின் சாய்வை நேராகக் குறித்தது. புதிய முறையில் அது "இந்த வேகத்தில் சுழல்" என்னும் கட்டளை. முன்பின், பக்கவாட்டு, வால் அச்சுகளின் சுழல்வேகத்தை உணரிகள் ஒவ்வொரு நொடியும் பலநூறு முறை அளக்கின்றன. கேட்ட வேகத்துக்கும் அளந்த வேகத்துக்கும் உள்ள வேறுபாடு, அது சேர்ந்துவந்த அளவு, மாறும் விதம் ஆகியவற்றைக் கொண்டு நுண்செயலி சர்வோக்களுக்குத் திருத்தம் அனுப்புகிறது. கைப்பிடியை நடுவில் விட்டால் மாதிரி தானே மட்டமாகிவிடாது. அப்போதைய சாய்விலேயே நிற்க முயலும். ஆபத்தில் தானே நிமிர்த்தும் வசதி, முடுக்கமானி சேர்த்த கருவிகளில் பின்னர் வந்தது.

அதிர்வு இக்கருவியின் முதல் எதிரி. அதனால் நுரைநாடாவின் மேல் அதை ஒட்டுவர். மின் இணைப்பு கொடுத்ததும் உணரிகள் சுழியைக் கணிக்கும் சில நொடிகள் மாதிரியை அசைக்கக் கூடாது.

விளைவுகள்

கம்பியும் துடுப்புகளும் கலப்பு நெம்புகளும் போனதால் சுழலித் தலை எளிமையானது. காற்றுத் தடை குறைந்தது. விபத்தில் உடையும் உறுப்புகளும் குறைந்தன. முன்னோக்கிய வேகப் பறப்பில் மூக்கு மேலெழும் பழைய தொல்லையும் தணிந்தது. இறக்கையின் சுமை முழுவதும் இப்போது சர்வோக்களின் மேல் விழுவதால், வலுவான சர்வோக்களும் அவற்றுக்குக் குறையாத மின்வழங்கலும் கட்டாயமாயின. ஃபிளைபாருக்கு ஏற்பச் செய்த இறக்கைகளின் எடைப்பரவலையும் மாற்ற வேண்டியிருந்தது.

மேல்கீழாக இரு சுழலிகள் கொண்ட எளிய பொம்மை ஹெலிகாப்டர்களில் எடைக்கம்பி இன்னும் உண்டு. அவற்றுக்கு வேண்டியது மெதுவான, தானே அமையும் நிலைப்பு மட்டுமே. சாகசப் பறப்பிலோ கம்பி ஏறத்தாழ மறைந்துவிட்டது. 2020களில் ரோட்டார்ஃபிளைட் என்னும் திறந்த மூல மென்பொருள் வந்ததால், நிறுவனங்களின் உடைமையாக இருந்த இக்கணக்குகளை ஆர்வலர்கள் தாமே படித்தும் திருத்தியும் பயன்படுத்தும் வாய்ப்புப் பெற்றுள்ளனர்.