புதுக் கடை, பழைய புளிப்பு

புதுசா திறந்த சவர்டோ பேக்கரி எதுக்குள்ள நுழைஞ்சாலும் ஒரு கண்ணாடி ஜாடி நிக்கும். உள்ளே நுரைச்சுப் பொங்குற புளிமா. நம்ம உறைமோர் மாதிரிதாங்க, பழசுல கொஞ்சம் எடுத்துப் புதுசுல சேர்க்கிறது. "இதுக்கு எத்தனை வயசு?"ன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க.

இந்த வயசுப் பெருமைக்குப் பேர் போன ஊர் சான் பிரான்சிஸ்கோ. 1849-ல, தங்கம் தேடிக் கூட்டம் அலைமோதின காலத்துல தொடங்கினதா சொல்ற பூடின் பேக்கரி இன்னும் அங்கே இருக்கு. 1906 பூகம்பத்தப்போ லூயிஸ் பூடின் தாய்மாவை வாளியில அள்ளிக் காப்பாத்தினாங்கங்கிறது அவங்க சொல்ற கதை. எங்க ஊர்ப் பனிமூட்டம் இல்லாம இந்தப் புளிப்பு வராதுன்னு ஊர்க்காரங்களுக்கு ஒரு நினைப்பு.

1971-ல க்ளைன், சுகிஹாரான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்தப் புளிப்புக்குக் காரணமான பாக்டீரியாவைப் பத்தி எழுதி, ஊர்ப் பேரையே அதுக்கு வச்சாங்க. அது மால்டோஸ் சர்க்கரையைத் தின்னும். கூடவே வாழுற ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தொடாது. சண்டையில்லாத கூட்டுக்குடித்தனம்!

அப்புறம் பார்த்தா, அதே பாக்டீரியா ஜெர்மனி, இத்தாலிப் புளிமாவுலயும் இருக்கு. பனிமூட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. மாவும் தண்ணியும் கலந்து, விடாம புதுமாவு ஊட்டினா ஒண்ணு ரெண்டு வாரத்துல புளிமா தயார். மாவு, சூடு, ஊட்டுற இடைவெளி, இதுங்கதான் உள்ளே யார் குடியிருக்கணும்னு முடிவு பண்ணுது.

அதனால நேத்து திறந்த கடையா இருந்தாலும் இளக்காரமா பார்க்க வேண்டாங்க. வயசை விடுங்க, ஒழுங்கா ஊட்டுறாங்களான்னு கேளுங்க.