ஹாஸ்டல் விண்ணப்பத்துக்குள் ஒரு நூற்றாண்டுக் கதை

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் வீட்டு போன் ஓயாது. "தம்பி, பையனுக்கு பெங்களூர்ல சீட் கிடைச்சிருக்கு, நல்ல ஹாஸ்டலா பாத்து சொல்லுப்பா" என்று மன்னார்குடியிலிருந்து, காரைக்குடியிலிருந்து, சில சமயம் நான் கேள்வியே பட்டிராத தூரத்து உறவிலிருந்தெல்லாம் அழைப்பு வரும். பெங்களூரில் வங்கி வேலை பார்ப்பவனுக்கு ஊரில் உள்ள எல்லா ஹாஸ்டலும் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை :-)

அப்படிப் பார்த்துப் பார்த்தே இரண்டு டஜன் விண்ணப்பப் படிவங்களாவது என் கையால் நிரப்பியிருப்பேன். பெயர், தகப்பனார் பெயர், பிரிவு, சைவமா அசைவமா, உள்ளூர் பாதுகாவலர், ராகிங் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழி, கட்டணம் செலுத்தும் முறை... எல்லாம் அலுப்பூட்டும் கட்டங்கள். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் யாரோ பட்ட பாடு இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். சரித்திரம் எனக்குப் பாடமில்லை, நான் பி.காம். ஆள். ஆனாலும் யார் காசு போட்டார்கள், யாருக்குப் படுக்கை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்ப்பதும் ஒரு கணக்குதானே.

ஹாஸ்டலுக்கு முந்தைய காலம்

பெங்களூர் சென்ட்ரல் காலேஜ் 1858-ல் தொடங்கியது. அப்போது வெளியூர்ப் பையன்கள் எங்கே தங்கினார்கள்? உறவுக்காரர் வீட்டில், கோயில் மண்டபத்தில், சத்திரத்தில். சாப்பாட்டுக்கு நம் ஊரில் வாரச் சாப்பாடு என்று ஒரு ஏற்பாடு உண்டு. திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீடு என்று ஏழு வீடு பிடித்துவிட்டால் படிப்பு முடிகிற வரை கவலையில்லை. கன்னடத்தில் இதையே வாரான்ன என்பார்கள். ஊர் வேறானாலும் பசி ஒன்றுதான்.

கிருஷ்ணராஜ சாகர் அணை என்றதும் நினைவுக்கு வரும் விஸ்வேஸ்வரய்யா, சென்ட்ரல் காலேஜில் படித்து 1881-ல் பி.ஏ. முடித்தவர். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்தவர். குடகைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்த வீட்டிலேயே தங்கித்தான் படித்தார். அந்த நாளின் ஹாஸ்டல் ஃபீஸ் அதுதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. வாரச் சாப்பாடு போடுகிறவர்கள் தங்கள் சாதிப் பையனுக்குத்தான் போடுவார்கள். ஊரில் தன் சாதிக்கு வசதியான ஏழு வீடு இல்லாத பையன் என்ன செய்வான்? ஊருக்குத் திரும்பிப் போவான். அவன் படிப்பு நின்றதற்கு எந்தப் பதிவேட்டிலும் கணக்கில்லை.

ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சத்திரம்

பெங்களூர் சிட்டி ரயில் நிலையத்தில் இறங்கி மெஜஸ்டிக் பக்கம் நடந்தவர்கள் தோட்டதப்பா சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். குப்பியிலிருந்து பெங்களூருக்கு வந்து வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர் குப்பி தோட்டதப்பா. பிள்ளையில்லாதவர். சம்பாதித்ததை ஒரு தர்ம ஸ்தாபனமாக்கி, 1903-ல் வழிப்போக்கர்களுக்குச் சத்திரமும், வீரசைவ மாணவர்களுக்கு இலவச விடுதியும் ஏற்படுத்தினார். நிர்வாகப் பொறுப்பு கே.பி. புட்டண்ண செட்டியிடம் போனது. மைசூர் மகாராஜா 'தர்மப்பிரவர்த்த' என்று பட்டம் கொடுத்தார்.

வங்கிக்காரன் கண்ணோடு பார்த்தால் இந்த மாதிரி தர்மங்களின் சூட்சுமம் எளிமையானது. முதலைத் தொடக் கூடாது, அதன் வருமானத்தில்தான் சோறு போட வேண்டும். கொடுத்தவர் போன பிறகும் அடுப்பு அணையாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

அந்த விடுதியில் தங்கி 1920-களின் பிற்பகுதியில் சென்ட்ரல் காலேஜில் படித்த ஒரு மாணவர், 1930-ல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மடத்துப் பொறுப்புக்குப் போனார். அவர்தான் துமகூரு சித்தகங்கா மடத்தின் சிவகுமார சுவாமிகள். 2019 ஜனவரியில் 111-ஆம் வயதில் மறைந்தார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குத் தங்க இடமும் சாப்பாடும் படிப்பும் இலவசமாகக் கொடுத்த மடம் அது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். ஒரு சமூகத்துப் பிள்ளைகளுக்கென்று கட்டிய விடுதியில் சோறு சாப்பிட்டவர், பிற்பாடு எல்லோருக்கும் சோறு போட்டார்.

1906-ல் ஒக்கலிகர சங்கம் தோன்றியது. அவர்களும் விடுதிகள் கட்டினார்கள். ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளுக்குத் தானே இடம் தேடிக்கொண்ட காலம்.

சரி, கொடுப்பதற்குப் பணக்காரர்களே இல்லாத சமூகங்கள்? பெங்களூரில் தலித் மாணவர்களுக்கான விடுதி என்றால் பழையவர்கள் சொல்லும் பெயர் கோபாலசாமி ஐயர் ஹாஸ்டல். கன்னடக் கவிஞர் சித்தலிங்கய்யா (1954-2021) தன் வாழ்க்கைக் கதையான 'ஊரு கேரி'யில் அங்கே தங்கிய நாட்களைச் சொல்கிறார். கர்நாடகத்தில் தலித் சங்கர்ஷ சமிதியைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். ஹாஸ்டல் அறையில் ராத்திரி நடக்கிற பேச்சு ஒரு மாநிலத்தின் அரசியலையே தொட முடியும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

திருவல்லிக்கேணி

நம் பக்கமும் இதே கதைதான். நூறு வருடத்துக்கு முன்னால் மெட்ராஸுக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கிடைப்பது பெரும்பாடு. காசு இருந்தாலும் பல ஹோட்டல்களில் உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாது. திருவல்லிக்கேணியில் டாக்டராக இருந்த சி. நடேச முதலியார் 1916-ல் 'திராவிடர் இல்லம்' என்று ஒரு விடுதியை ஆரம்பித்தார். அங்கே தங்கிப் படித்தவர்களில் ஒருவர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்த நிதியமைச்சர். பட்ஜெட் அன்று டிவி முன்னால் உட்காரும் வங்கிக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நீதிக்கட்சி பிறந்ததும் அதே வருடம்தான். ஆக, கட்சியும் ஹாஸ்டலும் ஒரே மூச்சில் பிறந்தவை.

பெண்களுக்கு? சிறுமியாகவே விதவையான ஆர்.எஸ். சுப்பலட்சுமி 1911-ல் பி.ஏ. பட்டம் வாங்கினார். அடுத்த வருடமே, தன்னைப் போன்ற இளம் விதவைகள் தங்கிப் படிக்க ஒரு இல்லத்தை எழும்பூரில் ஆரம்பித்தார். பின்னால் அது கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸ் கட்டிடத்துக்குப் போனது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று நாம் பார்க்கிற அதே கட்டிடம். அந்த விடுதியும் பிராமண விதவைகளுக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கதவு திறந்தது, ஆனால் எல்லோருக்கும் திறக்கவில்லை.

சேரன்மாதேவி: ஒரே பந்தியா, தனிப் பந்தியா?

'சைவமா அசைவமா' என்ற கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சேரன்மாதேவிதான் நினைவுக்கு வரும்.

வ.வே.சு. ஐயர் 1922-ல் கல்லிடைக்குறிச்சியில் ஒரு குருகுலம் தொடங்கினார். பின்பு அது பக்கத்திலேயே சேரன்மாதேவிக்கு மாறியது. தேசியக் கல்வி, தமிழ், கைத்தொழில், உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்த பள்ளி. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதலில் ஐயாயிரம் கொடுத்தது.

அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. விஷயம் வெளியே வந்ததும் பெரிய புயல் கிளம்பியது. காங்கிரஸ் செயலாளராக இருந்த பெரியார் மீதிப் பணத்தைத் தர மறுத்தார். டாக்டர் வரதராஜுலு நாயுடு தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் எழுதித் தள்ளினார். ஐயர் தன்னளவில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். ஆனால் அந்த இரண்டு பையன்களின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், மீற முடியாது என்றார். காந்தியிடம் பஞ்சாயத்து போனது. இருக்கிற இரண்டு பேரை விட்டுவிடலாம், இனிமேல் சேருகிறவர்கள் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடச் சம்மதித்தால்தான் சேர்க்க வேண்டும் என்பதுபோல ஒரு சமரசம் சொன்னார். யாருக்கும் திருப்தியில்லை.

1925-ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூன் மாதமே பாபநாசம் அருவியில், தண்ணீரில் சிக்கிய மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் நிராகரிக்கப்பட்டதும் பெரியார் காங்கிரஸிலிருந்து வெளியேறினார். அந்த முறிவுக்கான காரணங்களில் குருகுலத்துப் பந்தியும் ஒன்று. மெஸ்ஸில் இரண்டு இலை தள்ளிப் போட்டது தமிழ்நாட்டு அரசியலின் பாதையை மாற்றியது என்றால் மிகையில்லை.

இதில் யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிரச்சனை அந்தப் பையன்களால் வரவில்லை. பெற்றோர் போட்ட நிபந்தனையால் வந்தது.

உறுதிமொழிப் பத்திரம்

மாணவர், பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போடும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியை நாம் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நவரசு கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் தமிழ்நாடு ராகிங்கைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிகள் போட்டது. அந்தத் தாள் ஒரு குடும்பத்தின் கண்ணீரில் எழுதியது. கையெழுத்துப் போடும் முன் பிள்ளையை உட்கார வைத்து ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.

இன்றைய பி.ஜி.

கல்லூரி விடுதியில் இடமில்லை என்றால் அடுத்தது பி.ஜி.தான். பெங்களூரில் தெருவுக்கு நாலு இருக்கிறது. 2024 ஜூலையில் கோரமங்களாவில் ஒரு பி.ஜி.யில் இளம்பெண் கொலை செய்யப்பட்ட பிறகு, அப்போதிருந்த பெங்களூர் மாநகராட்சி ஆகஸ்டில் நிபந்தனைகள் விதித்தது. ஆளுக்குக் குறைந்தது 70 சதுர அடி, கண்காணிப்பு கேமரா, உணவு பாதுகாப்பு உரிமம் என்று நீளும் பட்டியல். பார்க்கப் போகும்போது உரிமம் எங்கே என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

பணம் பற்றி மூன்று விஷயம். ஒன்று, கல்விக் கடனில் ஹாஸ்டல் கட்டணமும் அடங்கும். வெளியே தங்கினாலும் நியாயமான தொகையைச் சேர்த்துக்கொள்ள வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் இடமுண்டு, எனவே விண்ணப்பிக்கும்போதே அந்தச் செலவையும் எழுதிக் கொடுங்கள். இரண்டு, 2023-ல் பி.ஜி. வாடகைக்கு 12 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு என்று கர்நாடகத்தில் ஒரு தீர்ப்பு வந்து எல்லோரும் பயந்தோம். 2024 ஜூலையில், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி கிடையாது என்று விலக்குக் கொடுத்தார்கள். பில்லில் வரி போட்டால் ஏன் என்று கேளுங்கள். மூன்று, அட்வான்ஸுக்கு ரசீது. பாதியில் காலி செய்தால் எவ்வளவு திரும்பும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

போனில் கேட்பவர்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள். "நம்ம ஆளுங்க நடத்துற இடம் ஏதாவது இருக்கா?" அதில் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. மொழி தெரியாத ஊர், பதினேழு வயதுப் பிள்ளை. நூறு வருடத்துக்கு முன்னால் சமூக விடுதிகள் இல்லையென்றால் பல குடும்பங்களில் முதல் பட்டதாரியே வந்திருக்க மாட்டார். அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேறு கதவு திறக்காததால் அவர்கள் தாங்களே ஒரு கதவு செய்துகொண்டார்கள்.

இன்று நம் பிள்ளைகளுக்கு நிலைமை அப்படியில்லை. என் மகளே இந்த வருடம் கோயம்புத்தூரில் சேரப் போகிறாள். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள், கன்னடம் சரளம், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இரண்டு பேர் தங்கும் அறையில் கூட யார் என்பதை நாமே சொல்லலாம் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. தெரிந்தவர் பெண்ணின் பெயரை எழுதலாம் என்றாள் என் மனைவி. நாலைந்து நாள் பேசினோம். கடைசியில் மகளே சொல்லிவிட்டாள், "யார் வந்தாலும் பரவால்லப்பா, காலியா விடுங்க." காலியாகவே விட்டோம்.

உங்களுக்கும் அதையே சொல்வேன். பூட்டு, தண்ணீர், சமையலறை, ரசீது, வார்டன் எல்லாவற்றையும் கறாராகப் பாருங்கள். பக்கத்துக் கட்டிலில் யார், பந்தியில் பக்கத்து இலையில் யார் என்பதை மட்டும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டில் முதன்முதலில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர் யார், எந்த விடுதி, யார் சோறு போட்டார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நாம் கேட்காவிட்டால் அந்தக் கணக்கு எழுதப்படாமலே போய்விடும்.