மிடறு திறந்த கதை

பல ஆண்டுகளுக்கு முன், ஆரணி - வேலூர் சாலையில் வண்டியிலிருந்து விழுந்து நினைவிழந்து கிடந்த நெசவாளர் ஒருவரைச் சூழ்ந்து நின்றோம். கோராப்பட்டுக் கட்டுகள் மண்ணில் சிதறியிருந்தன. "வாயில கொஞ்சம் ஊத்துங்க சார்" என்றது கூட்டம். சோடாப் புட்டியைச் சாய்த்தது என் கைதான். விலக்கிக்கொண்டு வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் அதைத் தட்டிவிட்டார். தலைமாட்டில் மண்டியிட்டு, கழுத்தை அசைக்காமல், இரு கைகளாலும் கீழ்த்தாடையை முன்னோக்கித் தூக்கினார். குறட்டை போன்ற அடைப்பொலி நின்றது. மூச்சு சீரானது.

மல்லாந்து நினைவிழந்தவரின் நா தளர்ந்து பின்சரிந்து மிடற்றை அடைத்துவிடும். அந்நிலையில் ஊற்றும் நீர் இரைப்பைக்குச் செல்லாது, மூச்சுக்குழலுக்குள் இறங்கும். எழுத்துகளின் பிறப்பை உரைத்த தொல்காப்பியர் மிடற்றையும் நாவையும் காற்று ஒலியாகும் இடங்களுள் வைத்தார். அதே நா காற்றை அடைக்கும் கதவாகவும் ஆகும் என்பதை நாங்கள் வகுப்பில் சொல்வதில்லை.

குளோரோஃபார்ம் கொடுத்த மருத்துவர்கள் இதை முன்பே அறிந்திருந்தனர். தாடையை முன்தள்ளும் உத்தியை 1870களில் ஹைபெர்க்கும் எஸ்மார்க்கும் எழுதிவைத்தனர். ஆயினும் அது அறுவை அரங்கைத் தாண்டித் தெருவுக்கு வர நெடுநாளாயிற்று. வெளியே வழங்கியவை வேறு: கைகளைத் தூக்கி இறக்கும் சில்வெஸ்டர் முறை (1858), குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தும் ஷேஃபர் முறை (1903), இரண்டையும் இணைத்த ஹோல்கர் நீல்சன் முறை (1932). மார்பு அசைந்தது, வழி திறந்ததா என்பதே ஐயம். 1957-58இல் பால்டிமோரில் பீட்டர் சாஃபர், தாமே முன்வந்தோரை மருந்தால் செயலிழக்கச் செய்து சோதித்து, தலையைச் சாய்த்துத் தாடையை உயர்த்தினாலன்றி அம்முறைகளால் போதிய காற்று புகாதென நிறுவினார். தம்மை ஒப்புக்கொடுத்த அவர்களின் துணிவை என்னென்பது!

விபத்தில் இன்னொரு சிக்கலுண்டு. கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம், தலையைச் சாய்த்தால் தண்டுவடம் கெடலாம். ஆகவேதான் மீட்போர் முதலில் தாடையை மட்டும் தள்ளுகின்றனர். அதனால் வழி திறக்கவில்லையெனில், சாய்த்தே ஆகவேண்டும். மூச்சின்றி இருப்பவருக்குத் தண்டுவடம் அடுத்த கவலைதான்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். 27 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். நம் அரக்கோணத்திலிருந்து சென்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தீயணைப்புத் துறையினரும் இடிபாடுகளில் நாட்கணக்கில் உழைத்தனர். இத்தகைய இடங்களில் நாவோடு சிமெண்ட் தூளும் குருதியும் சேர்ந்து வழியடைக்கும். வாயைத் துடைத்துத் திறப்பது, முழு உடலையும் வெளியே எடுப்பதற்கு முன்பே நிகழவேண்டிய வேலை.

சென்ற மாதம் ஆரணிப் பேருந்து நிலையத்தருகே மயங்கிக் கிடந்தவரை நோக்கி மீண்டுமொரு சோடாப் புட்டி நீண்டது. இம்முறை தட்டிவிட்டது நான்.