புல்லின் வாசமும் எண்ணெயின் விலையும்

நுளம்பை விரட்டக் கைகாலிற் பூசும் பெங்கிரி எண்ணெயை அறியாதார் நம்மிற் சிலரே. ஆனால் அவ்வெண்ணெயின் வரலாற்றிலே தென்னிலங்கையின் ஏழை விவசாயி கலப்படக்காரன் எனப் பெயரெடுத்ததை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மலைச்சரிவுகளிலே தானாக வளரும் மானாப்புல்லின் இனத்தைச் சேர்ந்தது பெங்கிரிப்புல். ஒல்லாந்தர் காலத்திலே, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கொழும்பில் வைத்தியராயிருந்த கிறிம் என்பார் இப்புல்லைப் பற்றிக் குறிப்பெழுதினார். ஆங்கிலேயர் ஆட்சியிலே அது ஏற்றுமதிப் பயிராயிற்று. மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளின் சரளை மேடுகளில் அதனைப் பயிரிட்டனர். வெட்டிய புல்லைக் கலனில் அடைத்து, நீராவியைச் செலுத்தி, ஆவியைக் குளிர்வித்து எண்ணெயைப் பிரித்தனர். எண்ணெய் இறங்கிய சக்கை உலர்ந்ததும் அதுவே அடுப்புக்கு எரிபொருளாயிற்று. ஒன்றையும் வீணாக்காத தொழில் அது.

சந்தைக்கு வந்த எண்ணெயிலே மண்ணெண்ணெய் கலந்திருப்பதாக முறைப்பாடு எழுந்தது. முறைப்பாடு பொய்யன்று. லைப்சிக் நகரத்துச் சிம்மல் கம்பெனியார் ஒரு சோதனை வகுத்தனர்: நூற்றுக்கு 80 பங்கு வலுவுள்ள மதுசாரத்திலே எண்ணெய் தெளிவாகக் கரையவேண்டும். நடந்தது என்ன? சோதனையிற் சரியாகத் தேறும் எல்லைவரை கலந்து விற்பதே வணிக வழக்கமாயிற்று! கலப்படத்தைத் தடுக்க வந்த விதி கலப்படத்துக்கு அளவுகோலாயிற்று. பழியோ கிராமத்து வடிசாலையின் தலையில் விழுந்தது.

தரக்குறைவுக்கு ஆழமான காரணமும் உண்டு. இத்தீவிலே இருவகைப் புல் உண்டு: லேனபட்டு, மகாபெங்கிரி. மகாபெங்கிரியின் எண்ணெயே உயர்ந்தது. செரானியோல் எனக் கணக்கிடப்படும் வாசப்பொருள் அதில் நூற்றுக்கு 85 அளவிலும், லேனபட்டு எண்ணெயில் 60 அளவிலும் இருக்கும். ஆனால் மகாபெங்கிரிக்கு வளமான மண்ணும் பராமரிப்பும் வேண்டும். லேனபட்டு வறண்ட மேட்டிலும் பிழைக்கும். ஈரவலயத்து நல்ல நிலத்தைத் தேயிலைக்கும் இறப்பருக்கும் ஒதுக்கிக்கொண்ட குடியேற்ற ஆட்சி, விவசாயிக்கு விட்டுவைத்தது மேட்டை. அவன் லேனபட்டைப் பயிரிட்டது அறியாமையால் அன்று என்பதே நமது கருத்து.

மகாபெங்கிரி கடல் கடந்து யாவாவுக்குச் சென்றது. அங்கே ஒல்லாந்த முதலாளிகளுக்கு வளமான எரிமலை மண் இருந்தது. கூலிக்கு ஆளும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே யாவா எண்ணெய் இலங்கை எண்ணெயைச் சந்தையிற் பின்தள்ளிவிட்டது. 1950களின் இறுதியிலோ, அமெரிக்கத் தொழிற்சாலைகள் பைன் மரத்துத் தர்ப்பந்தைனிலிருந்தே செரானியோலைச் செய்யத் தொடங்கின.

இலங்கையிலிருந்து சென்ற அந்தப் புல்லின் எண்ணெய்க்கு உலகச் சந்தையில் இன்றும் யாவா எண்ணெய் என்றே பெயர்.