கொன்ஸ்தாபிள் சபான்

கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1867ஆம் ஆண்டில். அதற்கு முன், கொழும்புச் செட்டியார் தெருவின் அரிசியும் பிறரின் பண்டங்களும் மாட்டுவண்டிகளிலேயே மலைநாடு சென்றன. மாவனெல்லைக்கு அருகே உத்துவன்கந்தைக் குன்றில் மறைந்திருந்து அவ்வீதியிற் கொள்ளையடித்தவனே சரதியேல். செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்தான் என்பர். ஈந்தானோ இல்லையோ, கதை வளர்ந்துவிட்டது. மாவனெல்லையில் அவன் பெயரால் ஒரு மாதிரிக் கிராமமே அமைத்துவிட்டார்கள்!

1864 மார்ச் 21ஆம் திகதி அவன் ஒளித்திருந்த வீட்டைப் பொலிசார் வளைத்தனர். உள்ளிருந்து வெடி கிளம்பியது. கொன்ஸ்தாபிள் சபான் வீழ்ந்து மாண்டார். சரதியேலும் கூட்டாளி மம்மாலி மரிக்காரும் பிடிபட்டு, மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டனர்.

சபான் ஒரு மலாயர். ஒல்லாந்தர் காலத்தில் யாவா முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தது அச்சமூகம். ஆங்கிலேயர் ஆட்சியிற் படையிலும் பொலிசிலும் அவர்கள் பலராய்ச் சேர்ந்தனர். இந்து வாலிபர் மலரில் மலாய முஸ்லிம் ஒருவருக்கு இடமேன் என்று பெரியோர் வினவலாம். அவ்வீதியிற் சென்ற மூட்டைகளில் எம்மவருடையனவும் இருந்தன என்பதே எமது விடை.

எம் தோழரிற் சரதியேலை அறியாதார் இலர்; சபானை அறிந்தாரை நாம் காணவில்லை. பொலிசார் மட்டும் மறக்கவில்லை. கடமையில் உயிர்நீத்த முதற் பொலிஸ்காரர் இவரென்பதால், மார்ச் 21ஐ ஆண்டுதோறும் பொலிஸ் வீரர் தினமாக நினைவுகூருகின்றனர்.