கால் டாலர் ராயல்டியும் ஒரு குட்டி ரிவால்வரும்

கௌபாய் படங்களிலும் காமிக்ஸ் புத்தகங்களிலும் ஹீரோவின் இடுப்பில் தொங்குவது எப்போதும் ஒரு பெரிய ரிவால்வர்தான். ஆனால் பழைய அமெரிக்கத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் பலர் தேடுவது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பொடிசை. 1857-ல் வெளிவந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 1. ஏழு தோட்டா பிடிக்கும், அளவு .22. பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். இதன் பின்னால் இருக்கும் கதையில் துப்பாக்கிச் சண்டையை விட கோர்ட் சண்டைதான் அதிகம். காமர்ஸ் மாணவனான என்னை இழுத்ததும் அதுதான்.

சரி, முதலில் ரிம்ஃபயர் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்லால் தட்டி வெடித்திருப்பீர்கள். தட்டினாலே வெடிக்கும் மருந்து அது. ரிம்ஃபயர் தோட்டாவில் அந்த மாதிரி மருந்து, செம்புக் குப்பியின் அடி விளிம்புக்குள் வளையம் போல ஒளிந்திருக்கும். துப்பாக்கியின் சுத்தி விளிம்பை நசுக்கும். விளிம்பு மருந்து தீப்பிடித்து உள்ளே இருக்கும் வெடிமருந்தைக் கொளுத்தும். குண்டு பறக்கும். மருந்து, குண்டு, பற்றவைக்கும் பொருள் மூன்றும் ஒரே குப்பிக்குள்!

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? அன்றைய கோல்ட் ரிவால்வரில் சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து அழுத்தி, பின்னால் ஒரு சின்ன கேப் மாட்ட வேண்டும். இப்படி ஆறு முறை. மழை பெய்தால் அதோகதி. இதோடு ஒப்பிட்டால் ரிம்ஃபயர் ஒரு புரட்சிதான்.

பிரான்சின் ஃப்ளோபேர் 1845-ல் கேப்பின் வாயிலேயே குண்டைச் செருகும் யோசனையைக் கொண்டுவந்தார். ஹோரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும் அதைக் கொஞ்சம் நீட்டி, உள்ளே 4 கிரெயின் கருமருந்து போட்டார்கள். அதாவது கால் கிராம் சொச்சம். அதுதான் .22 ஷார்ட்.

தோட்டா தயார். ஆனால் அதைப் பின்பக்கமாகப் போட வேண்டுமென்றால் சிலிண்டரின் துளைகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போக வேண்டும். சாமுவேல் கோல்ட்டின் 1836 பேட்டன்ட் நீட்டிப்போடு 1857-ல் முடியப்போகிறது, பிறகு ரிவால்வர் தயாரிக்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு இன்னொரு முட்டுக்கட்டை. ரோலின் வைட் என்பவர் 1855 ஏப்ரல் 3-ல் வாங்கிய பேட்டன்டில் இந்த 'முழுத் துளை சிலிண்டர்' இருந்தது! வைட்டின் துப்பாக்கி வடிவமைப்பு என்னவோ நடைமுறைக்கு உதவாத ஒன்று. இந்த ஒரு வரிதான் தங்கச் சுரங்கம். பிரான்சில் லெஃபோஷோ ரிவால்வரில் இதே அமைப்பு 1854-லேயே வந்துவிட்டது. ஆனால் அமெரிக்காவில் உரிமை வைட்டிடம்தான். (இந்த யோசனையை அவர் முதலில் கோல்ட்டிடம் கொண்டுபோய், கோல்ட் வேண்டாம் என்று அனுப்பிவிட்டதாக ஒரு கதையும் உண்டு.)

1856 நவம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். விற்கும் ஒவ்வொரு ரிவால்வருக்கும் வைட்டுக்கு 25 சென்ட் ராயல்டி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடவே இன்னொரு ஷரத்து: யாராவது பேட்டன்டை மீறினால் வழக்குப் போட்டு அதைக் காப்பாற்றுவது வைட்டின் பொறுப்பு. லாபம் கம்பெனிக்கு, ரிஸ்க் கண்டுபிடித்தவருக்கு. இந்தக் கதையின் வில்லன் இந்த ஷரத்துதான்.

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆரம்பித்தது. வீரர்கள் சொந்தக் காசில் இந்தக் குட்டி ரிவால்வரையும், கொஞ்சம் பெரிதான .32 மாடல் 2-ஐயும் வாங்கினார்கள். மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? சில கம்பெனிகள் துணிந்து காப்பியடித்தன. வைட் வழக்குப் போட்டார். ஈதன் ஆலனுக்கு எதிரான வழக்கில் 1863-ல் வைட் ஜெயித்தார். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் அந்தத் தீர்ப்பே நின்றது. பாண்ட், மூர், வார்னர் போன்றவர்களின் ரிவால்வர்கள் சிலவற்றில் 'ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்காகத் தயாரிக்கப்பட்டது' என்று முத்திரை இருக்கும். அதைப் பார்த்து நட்பு என்று நினைக்காதீர்கள், வழக்கில் தோற்றதன் அடையாளம்!

வேறு சிலர் சந்து பொந்தில் புகுந்தார்கள். மூர் கம்பெனி பிறகு செய்த ரிவால்வரில் தோட்டாவை முன்பக்கமாகப் போட வேண்டும். பின்னால் ஒரு சின்ன ஓட்டை, அதில் தோட்டாவின் காம்பு மட்டும் எட்டிப் பார்க்கும். சுத்தி அந்தக் காம்பைத் தட்டும். ஸ்லோகம் என்பவரின் ரிவால்வரில் அறையின் உறை நழுவித் திறக்கும், தோட்டாவைப் பக்கவாட்டில் வைக்கலாம். பொறியியல் நோக்கில் இவற்றுக்குத் தேவையே இல்லை. பின்னால் முழுத் துளை போடக்கூடாது என்ற சட்டம்தான் இவற்றுக்கு வடிவம் கொடுத்தது. சேகரிப்பாளர்கள் இவற்றை விரும்பித் தேடுவதற்கு அந்த விசித்திரமும் ஒரு காரணம்.

1869 ஏப்ரலில் பேட்டன்ட் காலாவதியானது. வைட் நீட்டிப்புக் கேட்டார், கிடைக்கவில்லை. அவருக்கு இன்னொரு வாய்ப்புத் தர அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு மசோதாவையே நிறைவேற்றியது. ஆனால் 1870 ஜனவரி 11-ல் ஜனாதிபதி கிராண்ட் அதைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். போரில் படைக்குத் தலைமை தாங்கிய அதே கிராண்ட். இந்தப் பேட்டன்டால் போர்க்காலத்தில் அரசுக்கு ஏற்பட்ட சிரமமே போதும் என்பது ராணுவத்தின் ஆயுதத் துறைத் தலைவர் சொன்ன காரணம். கம்பெனிக்கு ஏறக்குறைய 10 லட்சம் டாலரும் வைட்டுக்கு 71,000 டாலரும் கிடைத்துவிட்டதாகவும் கணக்குக் காட்டினார்கள்.

யார் பக்கம் நியாயம்? வைட் மேல் எனக்குப் பரிதாபம் உண்டு. வந்த பணத்தில் பெரும்பகுதியை வழக்குகள் விழுங்கின. ஆனால் அவருக்கு நடந்த அநியாயம் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. அதைச் சரிசெய்ய, நாடு முழுவதையும் இன்னும் சில வருடம் காத்திருக்க வைப்பது நியாயமாகாது. கிராண்ட் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

பூட்டு திறந்ததும் மலிவு விலை ரிம்ஃபயர் ரிவால்வர்கள் மழைக்காளான் போல முளைத்தன. பெரிய துப்பாக்கிகள் மட்டும் வேறு வழியில் போயின. சுத்தி நசுக்க வேண்டும் என்பதால் ரிம்ஃபயர் குப்பியின் விளிம்பு மெல்லியதாகத்தான் இருக்க முடியும், அதிக அழுத்தம் தாங்காது. அதனால் அவை நடுவில் அடித்து வெடிக்கும் சென்டர்ஃபயர் தோட்டாவுக்கு மாறின.

மாடல் 1 மட்டும் 1882 வரை ஏறத்தாழ இரண்டரை லட்சம் தயாரானது. 1968-ல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டப்படி 1898 வரை தயாரானவை பழம்பொருள் என்பதால் அங்கே இவற்றைச் சேகரிப்பது எளிது. சுடுவதுதான் சிக்கல். .22 ஷார்ட் தோட்டா இன்றும் தயாராகிறது. ஆனால் இப்போது உள்ளே இருப்பது புகையற்ற மருந்து. கருமருந்தை நம்பிச் செய்த பழைய உலோகம் அதன் அழுத்தத்தைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் துப்பாக்கியைப் பரிசோதித்த பிறகு, கருமருந்துத் தோட்டாவை மட்டுமே பயன்படுத்துவார்கள். வெறும் சிலிண்டரை வைத்து விசையை அழுத்திப் பார்ப்பதும் கூடாது. விளிம்பைத் தட்ட வேண்டிய சுத்தி, அறையின் ஓரத்தில் தட்டிப் பள்ளமாக்கிவிடும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் விஜய் குமார் வெள்ளி வென்ற ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் பயன்படுவதும் .22 ரிம்ஃபயர்தான். அன்று கோர்ட் கோர்ட்டாக ஏறிய துளை இன்று யாருக்கும் சொந்தமில்லை, எல்லா ரிவால்வரிலும் இருக்கிறது.

நண்பர்களே, நாளைக்கு நீங்களும் ஏதாவது கண்டுபிடிக்கலாம். ஒப்பந்தத்தில் எத்தனை பைசா வரும் என்பதோடு நிறுத்தாமல், வழக்கு வந்தால் வக்கீல் ஃபீஸ் யார் தலையில் என்பதையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.