மலையடிவாரத்து மனைகள்

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கோயிலில் கிளம்பி, மலையை வலப்பக்கம் வைத்து நடக்கிறவர்களுக்கு அதன் மேற்குப் புறத்தில் அடி அண்ணாமலை வருகிறது. ஆதி அருணாசலேசுவரர் கோயில் அங்கேதான். மாணிக்கவாசகருக்கும் அங்கே தனிக்கோயில் உண்டு. திருவெம்பாவை பிறந்த இடம் என்பது ஊர் மரபு. பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கான கால்கள் கடந்துபோகும் இந்த ஊரின் தலபுராணத்தைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கே எந்த மண்ணில் வீடு கட்டலாம், கூடாத இடத்தில் கட்டினால் யார் கேட்பது என்ற கதையைச் சொல்லத்தான் ஆளில்லை.

வாசலையும் வீதியையும் பேணுவதற்குச் சட்டம் வருமுன்பே வழக்கம் இருந்தது. ஆண்டுக்கு இருமுறை அண்ணாமலையாரே கிரிவலம் வருகிறார்: கார்த்திகை தீபத்துக்குப் பிறகு ஒருமுறை, மாட்டுப் பொங்கலன்று நடக்கும் திருவூடலுக்கு மறுநாள் ஒருமுறை. சாமி வரும் வழியில் வாசல் தெளித்துக் கோலமிட எந்த அலுவலகமும் நோட்டீஸ் அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் கோலம் போடும் வாசல் யாருடைய நிலம் என்பதைத் தீர்மானித்தது வேறொரு ஏடு.

அந்த ஏட்டை வைத்திருந்தவர் ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம். வெள்ளையர் ஆட்சியில் ஒவ்வொரு ஊரும் அளக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் சர்வே எண் போடப்பட்டது. பட்டா நிலம் ஒரு வகை. குடியிருக்க ஒதுக்கிய நத்தம் ஒரு வகை. ஏரி, ஓடை, பாதை, மேய்ச்சல், மயானம் எல்லாம் புறம்போக்கு. புறம்போக்கில் யாராவது குடிசை போட்டால் 1905ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் அபராதம் விதிக்கப்படும். அந்தத் தாளுக்கு ஊரில் இன்றும் பி-மெமோ என்றுதான் பெயர். எழுதியவர்கள் அதைத் தண்டனையாக எழுதினார்கள். வாங்கியவர்களோ பத்திரமாக மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தார்கள். 'இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறோம்' என்பதற்கு அவர்களிடம் இருந்த ஒரே அரசாங்கச் சாட்சி அதுதான். அதோடு ஒரு வீட்டு வரி ரசீது, ஒரு மின் இணைப்பு, ஒரு ரேஷன் கார்டு சேர்ந்துவிட்டால் குடிசை ஓட்டு வீடாகும், ஓட்டு வீடு தளம் போட்ட வீடாகும். வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது என்பதை வரி வாங்கிய கை சொல்வதில்லை. தமிழ்நாட்டில் ஏழைகளின் வீடுகள் பல இப்படித்தான் எழும்பின. இதைக் குற்றம் என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கதை பாதிதான் புரியும்.

மலைக்கே வழக்கு நடந்திருக்கிறது. 1930களின் இறுதியில், மலை அரசுக்குச் சொந்தமா கோயிலுக்குச் சொந்தமா என்று தாவா எழுந்தது. ரமண மகரிஷியும் சாட்சி. அவரை விசாரிக்க ஆசிரமத்துக்கே கமிஷன் வந்தது. மலையே சிவலிங்கம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். பக்தருக்கு லிங்கம், கர்ணத்துக்கு சர்வே எண், பின்னாளில் வனத்துறைக்குக் காப்புக்காடு. ஒரே மலைக்கு இப்படிப் பல ஏடுகள் இருந்தன. அடிவாரத்தில் எங்கே காடு முடிந்து எங்கே மனை தொடங்குகிறது என்பது எப்போதும் தகராறாகவே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

திருவண்ணாமலை 1886இல் நகராட்சியானது. 1920இல் சென்னை மாகாணத்துக்கு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் நகரமைப்புச் சட்டமும் வந்தன. வீடு கட்ட அனுமதி, சாக்கடை, இடிந்து விழும் நிலையிலுள்ள சுவரை அகற்றச் சொல்லும் அதிகாரம் எல்லாம் நகராட்சியிடம் சேர்ந்தன. ஆனால் அந்த அதிகாரம் நகர எல்லையோடு நின்றது. கிரிவலப் பாதை அந்த எல்லைக்குள் அடங்கவில்லை; ஊராட்சிகளின் ஊடாகவும் போனது. அடி அண்ணாமலையும் ஊராட்சியாகவே இருந்தது. ஊராட்சிகளுக்கான கட்டட விதிகள் 1997இல் வந்தன. சிறு கட்டடங்களுக்கு ஊராட்சியே அனுமதி தந்தது. அளந்து பார்க்கப் பொறியாளர் இல்லை, ஓர் எழுத்தர் இருந்தார். இடிக்கச் சொல்ல வேண்டிய தலைவரோ அதே தெருவில் ஓட்டுக் கேட்டவர்.

இதற்கிடையே பழைய காவலும் போய்விட்டது. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. சாதியும் பரம்பரையும் கட்டிக்காத்த அந்தப் பதவிகள் போனது சரியே. அவர்கள் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். 1989இல் திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரானது. 1990களில் பௌர்ணமிக் கூட்டம் பெருகியது. வேர்க்கடலை போட்ட காடுகளில் கற்கள் நடப்பட்டன, 'நகர்' என்று பெயர்ப் பலகைகள் முளைத்தன. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற இரண்டு சொல்லை நம்பிச் சேமிப்பைக் கொட்டியவர்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தார்கள். 2016 செப்டம்பரில், வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டே அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்றது. காகிதம் சரியானது. மனை இருக்கும் இடம் சரியா என்ற கேள்வி அப்படியே இருந்தது.

அந்தக் கேள்விக்கு 2024 டிசம்பர் 1 மாலை மலை பதில் சொன்னது. ஃபெஞ்சல் புயலின் மழை கொட்டித் தீர்க்க, நகரப் பக்கத்து அடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். பாறைகள் அசையாதிருக்க மீட்புப் படையினர் கைகளாலேயே மண்ணை அகற்ற வேண்டியிருந்தது. அந்த வீடு ஒரே இரவில் எழுந்ததல்ல. அத்தகைய சரிவில் தெரு உருவாகி, விளக்கு வந்து, குழாய் வந்து, வரி வசூலாகும் வரை எத்தனையோ கையெழுத்துகள் விழுகின்றன. பழியைக் குடியிருந்தவர் தலையில் மட்டும் போடுவது அநியாயம்.

அதே 2024இல்தான் திருவண்ணாமலை மாநகராட்சியானது. சுற்றுப்புற ஊராட்சிகள் அதோடு இணைந்தன. நகருக்கும் கிராமத்துக்கும் ஒரே கட்டட விதிகள் 2019 முதலே நடப்பில் உள்ளன. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுக்கவும், பூட்டி சீல் வைக்கவும், இடிக்கவும் அதிகாரம் உண்டு. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் இதே சட்டம் பாதையோரத்துப் பல மாடி விடுதி வாசலில் தயங்கி நின்று, ஓடைக்கரைக் குடிசை வாசலில் மட்டும் பொக்லைனோடு வருமானால் மக்கள் அதை நம்ப மாட்டார்கள்.

வருவாய்த்துறை புறம்போக்கை இரண்டாகப் பிரிக்கிறது: ஆட்சேபணையற்றது, ஆட்சேபகரமானது. முதல் வகையில் நெடுநாள் குடியிருப்பவருக்கு வீட்டுமனைப் பட்டா கிடைக்க வழியுண்டு. ஓடையும் நீர்நிலையும் இரண்டாவது வகை. அங்கே எத்தனை பி-மெமோ இருந்தாலும் பட்டா கிடையாது. மலைச்சரிவில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள அடுத்த புயல் வரை காத்திருக்கக் கூடாது. வீடு வீடாகப் போய் எது எந்த வகை என்று எழுத்தில் தர வேண்டும். காலி செய்யச் சொல்லும் நோட்டீசோடு மாற்று மனையின் சர்வே எண்ணும் அதே தாளில் இருக்க வேண்டும்.